சுருட்டைப் பற்றவைக்கும் முறை அதன் சுவையை மாற்றுமா?

காவிரிக்கரையான் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், டொமினிகன் குடியரசில் உருட்டப்பட்ட ரொபஸ்டோ அளவுச் சுருட்டுகள் பத்து அடங்கிய பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின இரவு மொட்டை மாடியில் அமர்ந்து ஆளுக்கு ஒன்றைப் பற்றவைத்தோம். நான் இணையத்தில் வாங்கி வைத்திருந்த, நெருப்பைப் பீய்ச்சியடிக்கும் டார்ச் லைட்டரை எடுத்து, சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, அதன் அடியில், அதாவது எரியும் முனையில், நெருப்பை நேராகப் பாய்ச்சி, சிகரெட்டுக்கு இழுப்பதைப் போல நான்கைந்து முறை பலமாக இழுத்தேன். நண்பரோ சுருட்டை வாயிலேயே வைக்காமல், கையில் பிடித்துத் திருப்பித் திருப்பி ஏறத்தாழ ஒரு நிமிடம் அனலில் காட்டிக்கொண்டிருந்தார். அப்பம் சுடுகிறீர்களா என்று நான் கேலிகூடச் செய்தேன்.

ஆனால் எனக்குக் கிடைத்தது அடிப்பிடித்த பாலைக் குடித்ததைப் போன்ற கருகல் சுவையும் தொண்டைக் கமறலும்தான். அவருடையதை வாங்கி ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தபோது வறுத்த முந்திரியின் மணமும் இலேசான இனிப்பும் தெரிந்தன. பெட்டியும் ஒன்று, இலையும் ஒன்று. மறுவாரம் தனியாக இன்னொன்றைப் பழைய முறையிலேயே பற்றவைத்தேன். மூன்றில் ஒரு பங்கு எரிந்து முடியும் வரை அதே காறல் இருந்தது. என் தாத்தா உறையூர்ச் சுருட்டை ஒற்றைத் தீக்குச்சியில் பற்றவைத்துவிட்டு வயலுக்குப் போனவர். அவர் எந்தச் சடங்கும் செய்து நான் பார்த்ததில்லை. ஆகவே கேட்கிறேன்: பற்றவைக்கும் முறைக்கும் சுவைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது நான் நண்பரின் தோரணையில் மயங்கிவிட்டேனா?

மொட்டைமாடி

தொடர்பு உண்டு. உங்கள் நண்பர் செய்ததுதான் சரி. சுருட்டின் அடியில் மூன்று வகை இலைகள் ஒரே நேரத்தில் நெருப்பைச் சந்திக்கின்றன. வெளியே மெல்லிய மேலிலை, அதற்குள் உருவத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டிலை, நடுவில் மடித்து அடுக்கிய உள்ளிலைகள். இவற்றுள் செடியின் உச்சியில் விளைந்த தடித்த, காரமான இலையைப் பெரும்பாலும் நடுமையத்தில் வைத்துத்தான் உருட்டுவார்கள். அது எல்லாவற்றையும்விட மெதுவாகத் தீப்பிடிக்கும். மேலிலை நொடியில் பற்றிக்கொள்ளும். நீங்கள் ஒரே இடத்தில் நெருப்பைப் பாய்ச்சி வேகமாக இழுக்கும்போது விளிம்பில் ஒரு பக்கம் கருகிவிடுகிறது, நடுப்பகுதி பாதி எரிகிறது, எதிர்ப்பக்கம் பச்சையாகவே நிற்கிறது. உருட்டியவர் எந்த விகிதத்தில் இலைகளைக் கலந்தாரோ அந்த விகிதத்தில் புகை உங்கள் வாய்க்கு வருவதில்லை.

ரொபஸ்டோவின் தடிமன் 50 என்று குறிப்பார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50 பங்கு, அதாவது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் விட்டம். இப்போது பரவலாக விற்கும் 60 தடிமன் சுருட்டின் அடிப்பரப்பு, கொரோனா என்ற பழைய சுருட்டு வகையின் 42 தடிமனைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அந்தப் பரப்பு முழுவதும் ஒரே சீராகக் கங்கு பிடிக்க வேண்டுமென்றால் நேரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

செய்முறையைச் சொல்கிறேன். சுருட்டை ஏறத்தாழ 45 பாகை சாய்த்துக் கையில் பிடியுங்கள். நெருப்பின் நுனி இலையைத் தொடக் கூடாது. அதற்கு மேலே நிற்கும் அனல் மட்டும் படட்டும். டார்ச் லைட்டராக இருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். விளிம்பு முழுவதும் கறுத்து, ஆங்காங்கே செம்புள்ளிகள் தோன்றும் வரை சுருட்டை உருட்டிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகு வாயில் வைத்து, நெருப்பை இன்னமும் தள்ளியே பிடித்து, மென்மையாக இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். பின்பு சுருட்டைத் திருப்பி அடிப்பாகத்தை மெல்ல ஊதிப் பாருங்கள். பற்றாத இடம் கறுப்பாகத் தெரியும். அங்கே மட்டும் சற்று அனல் காட்டினால் போதும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு ஒரு நிமிடம் சும்மா வைத்திருங்கள். அந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஐயவினா

மதிப்பிற்குரிய மொட்டைமாடி அவர்களுக்கு: செய்முறையை மிக அழகாக விவரித்துள்ளீர்கள், ஆனால் சுவை மாறுகிறது என்பதற்கு அதில் சான்று எதுவும் இல்லை. மது, காபி, சுருட்டு ஆகிய மூன்றிலும் சடங்குதான் பாதிச் சுவை என்பது என் கருத்து. ஒருவர் ஒரு நிமிடம் செலவிட்டு, பயபக்தியோடு பற்றவைத்த பொருள் அவருக்கு நன்றாகத்தான் இருக்கும். காவிரிக்கரையான் நண்பருடையதை வாங்கி இழுத்தபோதே, அது உயர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியுமா என்பதே கேள்வி. மேலும் 124 மில்லிமீட்டர் நீளமுள்ள சுருட்டில் தொடக்கத்தில் கருகுவது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அது எரிந்து சாம்பலான பிறகும் அதன் சுவை எப்படி நீடிக்கும்?

வேதியியல் வாத்தியார்

ஐயவினாவின் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு வருவதற்கு முன்னால், நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். வெள்ளிக்கிழமை மாலையில் தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவுகிறோம். தணல் சாம்பல் பூத்து அடங்கியிருந்தால் மணம் மெதுவாகக் கிளம்பி வீடெல்லாம் நிறையும். அதே சாம்பிராணியை விசிறிவிட்ட செந்தணலில் போட்டால் குப்பென்று கரும்புகை எழும்பிக் கண் எரியும், சில வேளை தீயே பற்றிக்கொள்ளும். பொருள் ஒன்றுதான், வெப்பம்தான் வேறு.

சுருட்டிலும் நடப்பது அதுவே. நாம் சுவைக்கும் புகையின் பெரும்பகுதி கங்கில் எரியும் இலையிலிருந்து வருவதில்லை; கங்குக்குச் சற்றுப் பின்னால், ஆக்சிஜன் குறைவான பகுதியில், வெப்பத்தால் சிதைந்தும் ஆவியாகியும் வெளிப்படும் பொருள்களிலிருந்து வருகிறது. சிகரெட்டில் அளந்தவர்கள், இழுக்கும்போது கங்கின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதாகவும், இழுப்புகளுக்கு இடையில் 600 டிகிரியை ஒட்டி இறங்குவதாகவும் கண்டிருக்கிறார்கள். டார்ச் லைட்டரின் நீல நெருப்போ 1,300 டிகிரியைத் தாண்டும். அதை இலையின் மீது நேராகப் பாய்ச்சி, அதே நேரத்தில் பலமாக உறிஞ்சினால், அந்த வெந்த காற்று இலைகளுக்கு இடையிலுள்ள சந்துகளின் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, கங்கு இன்னும் போய்ச் சேராத இடத்தையும் கருக்கிவிடுகிறது. எனவே கருகியது வெளியே தெரியும் இரண்டு மில்லிமீட்டர் மட்டும்தான் என்று கொள்ள முடியாது.

இனி, அது ஏன் நீடிக்கிறது? கருகலில் உண்டாகும் கனமான பொருள்கள் அனைத்தும் புகையோடு வெளியேறிவிடுவதில்லை. அவற்றில் ஒரு பகுதி சுருட்டின் குளிர்ந்த பாகத்தில், அதாவது வாய்க்கு அருகிலுள்ள இலைகளின் மேல், படிந்துவிடுகிறது. சுருட்டு தனக்குத் தானே வடிகட்டி. படிந்தது பின்னால் வரும் புகையில் மறுபடியும் கலக்கிறது. இதில் ஈரப்பதத்திற்கும் பங்குண்டு. சுமார் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கப்பட்ட இலை தன்னுள் கணிசமான நீரை வைத்திருக்கும். அனலில் முதலில் காட்டுவதன் நோக்கமே அடிப்பாகத்தின் நீரை விரட்டிவிட்டு, பிறகு சீராகத் தீப்பிடிக்கச் செய்வதுதான். ஈரத்தோடு பற்றவைத்தால் நீராவி கலந்த, கனத்த புகை வரும். ஓரம் காய்ந்தும் நடு ஈரமாகவும் இருந்தால் கங்கு கோணிக்கொண்டு ஓடும்.

காவிரிக்கரையானுக்குத் தனியே ஒரு சொல். சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. அதனால் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். சிகரெட்டைப் போல நெஞ்சுக்குள் இழுத்திருந்தால் அந்தக் கமறலுக்கு லைட்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் கெடுதிதான் என்பதை ஆசிரியர் என்ற முறையில் ஒரு முறை சொல்லிவிட்டு, மீண்டும் பேச்சுக்கு வருகிறேன்.

வடமராட்சி வாசி

வாத்தியார் ஐயாவின் சாம்பிராணி உவமை எங்கள் ஊர்க் கடை வாசலை நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெட்டிக்கடைகளின் முன்னால் தும்புக் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனி நாள் முழுவதும் சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டே இருக்கும். சுருட்டு வாங்குகிறவர் அந்த நுனியைச் சுருட்டின் அடியில் அழுத்தி, கன்னம் குழிய நாலு இழுவை இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். அப்பு சொல்லுவார், கயிற்றில் பற்றவைத்த சுருட்டுக்கு முதல் நாலு இழுவையும் தும்புக்குத்தான், ஐந்தாவதுதான் போயிலைக்கு என்று. மழை நாளில் கயிறு நமுத்துப் போயிருந்தால் அந்த நாலு எட்டாகிவிடும். ஆக, பற்றவைக்கும் பொருளின் வாசம் சுருட்டில் ஏறுகிறது என்பதை நாங்கள் புத்தகம் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஆனால் எட்டாவது இழுவைக்குப் பிறகு அப்புவும் அதைப் பற்றிப் பேசியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மொட்டைமாடி

வடமராட்சி வாசி சொன்னது மிகச் சரி. தமிழ்நாட்டிலும் அந்தக் கயிறு இருந்தது. சில கடைகளில் கயிற்றுக்குப் பதிலாகச் சின்னச் சிமினி விளக்கும், சிகரெட் அட்டையைக் கிழித்த கீற்றுகளும் இருக்கும். மண்ணெண்ணெய் நெடி, அச்சு மை நெடி, அட்டை நெடி மூன்றும் இலவசம்.

எரிபொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுத்திகரித்த பியூட்டேனுக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. திரி வைத்த பெட்ரோல் லைட்டரின் நெடி நாக்கில் ஒட்டும். மெழுகுவர்த்தியில் மெழுகாவியும் கரியும் சேரும். தீக்குச்சி நல்லதுதான், ஆனால் உரசியவுடன் கொண்டுபோகக் கூடாது. தலையிலுள்ள கந்தகமும் குளோரேட்டும் சீறி முடிந்து, நெருப்பு மரத்துக்கு இறங்கும் வரை இரண்டு மூன்று நொடி பொறுக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மெழுகுக் குச்சிகள் சுருட்டுக்கு ஆகவே ஆகா. அடுப்படியில் போய்ப் பற்றவைப்பவர்களும் உண்டு. சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகவே நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அதைவிட, பர்னரில் நேற்றைய மீன் குழம்பு வழிந்து காய்ந்திருக்கும். நான் ஒரு முறை அனுபவித்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சிடார் கீற்று. காவிரிக்கரையான், உங்கள் பெட்டியில் சுருட்டுகளுக்கு இடையில் மெல்லிய மரத்தாள் ஒன்று இருக்கும், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விரல் அகலத்துக்குக் கிழித்து, தீக்குச்சியால் கொளுத்தி, அந்த நெருப்பில் பற்றவையுங்கள். பெயர்தான் ஸ்பானிஷ் சிடார். உண்மையில் அது தேவதாரு இனமே அன்று, நம் வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். நெருப்பு மென்மையாக இருக்கும், சற்றே இனிய மணம் வரும், கையைச் சுட்டுக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

ஐயவினா

நான் எதிர்பார்த்த இடத்துக்கு விவாதம் வந்துவிட்டது. வடமராட்சி வாசியின் அப்பு எட்டு இழுவைக்குள் கணக்கை முடித்துவிட்டார். மொட்டைமாடியோ சிடாரின் இனிய மணத்தைப் பற்றி எழுதுகிறார். எரிபொருளின் வாசம் முதல் சில இழுப்புகளோடு தீர்ந்துவிடும் என்றால், பற்றவைக்கும் முறை சுருட்டின் சுவையை மாற்றுகிறது என்று சொல்லாமல், முதல் ஐந்து நிமிடத்தை மாற்றுகிறது என்று சொல்வதே நேர்மை. வாத்தியாரின் படிவுக் கருத்தை ஏற்கிறேன், ஆனால் அது எவ்வளவு என்பதை நாக்கு கண்டுபிடிக்குமா என்பது வேறு.

காவிரிக்கரையானிடம் இன்னும் ஏழு இருக்கின்றன. அவர் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். வேறொருவர் பற்றவைத்துக் கையில் கொடுக்கட்டும். ஒன்று கருக்கியது, ஒன்று அனலில் வாட்டியது. எது எது என்று சொல்லட்டும். இன்னொரு நாள், இரண்டையும் ஒழுங்காக வாட்டி, ஒன்றைத் தீக்குச்சியிலும் ஒன்றை டார்ச்சிலும் பற்றவைத்துக் கொடுத்துப் பார்க்கட்டும்.

வேதியியல் வாத்தியார்

நல்ல யோசனை. ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்கிறேன்: இரண்டையும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் எப்படிப் பற்றவைத்த சுருட்டும் சூடேறிக் கசந்துவிடும். பிறகு எதனால் கசந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பற்றவைப்பதில் அவசரப்படுகிறவர் இழுப்பதிலும் அவசரப்படுவார் என்பதால், இவ்விரண்டு பிழைகளும் சேர்ந்தே வந்து, பழி முழுவதும் லைட்டரின் மேல் விழுகிறது என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

காவிரிக்கரையான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருள்க. என் மைத்துனர் புகைக்காதவர், ஆனால் சோதனை என்றதும் உற்சாகமாகிவிட்டார். நான் மாடியில் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு அமர்ந்தேன். அவர் படிக்கட்டருகில் நின்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் குழாயில் சுருட்டைச் செருகி, அதன் பிடியை மேலே தூக்கி உறிஞ்ச வைத்துப் பற்றவைக்கலாம் என்று முதலில் திட்டமிட்டார். அது பம்பு, உறிஞ்சாது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். இறுதியில் இரண்டையும் அவர் கையிலேயே அனல் காட்டிக் கொண்டுவந்து தர, கடைசி இழுப்புகளை நான் கண் கட்டிய நிலையில் இழுத்தேன். கருக்க வேண்டியதற்கு நெருப்பைச் சுருட்டின் அடியிலேயே பாய்ச்சினார். வாட்ட வேண்டியதற்கு விலக்கிப் பிடித்தார். அனல் முகத்தில் படும் விதத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக மூக்குக்கு முன்னால் ஓர் அட்டையும் பிடித்தார்.

முதல் அமர்வில் இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டேன். ஐயமே எழவில்லை. கருக்கியதில் அந்த அடிப்பிடித்த பால் அப்படியே இருந்தது. ஆனால் ஏறத்தாழ ஓர் அங்குலம் எரிந்த பிறகு மைத்துனர் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, நான்கு முறையில் இரண்டு முறை தவறாகச் சொன்னேன். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், கருக்கிய சுருட்டு ஒரு பக்கமாக ஓடி, எதிர்ப்பக்கத்து மேலிலை தோணியின் விளிம்பைப் போல நீட்டிக்கொண்டு நின்றது. அந்த நீட்டிய பகுதியை அனல் காட்டிச் சரிசெய்த பிறகு சுவை சற்றுத் தெளிந்ததாகத் தோன்றியது. கண்ணால் பார்த்த பிறகு சொல்வதால் இதை ஐயவினா கணக்கில் எடுக்க மாட்டார் என்று தெரியும்.

இரண்டாம் அமர்வில் தீக்குச்சியையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்தோம், இரண்டும் வாட்டியவை. நான் தலைகீழாகச் சொன்னேன். டார்ச்சில் பற்றவைத்ததைத்தான் மரத்தின் மணம் கமழ்கிறது என்று மைத்துனரிடம் விரிவாக விளக்கியிருக்கிறேன். அவர் அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மொட்டைமாடி

சிடாரைப் பற்றி நான் எழுதிய வரியை இப்போது திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

ஆனால் அந்தத் தோணி விளிம்பைச் சிறியதாக எண்ண வேண்டாம். சுருட்டுகளில் சிலவற்றை, மேலிலை அடிப்பாகத்தையும் மூடியிருக்கும்படி மடித்துவிட்டு உருட்டுவார்கள். அவற்றைப் பற்றவைத்தால் முதல் சில இழுப்புகளில் மேலிலையின் சுவை மட்டுமே தனித்து வரும். உள்ளிலை பற்றியதும் சுவை திரும்புவது எவருக்கும் தெரியும். கோணலாக எரியும் சுருட்டில் அந்தக் கணக்குத்தான் தாறுமாறாகிறது. கோணல் தானாகச் சரியாகும் என்று விட்டுவைத்தால் பாதிச் சுருட்டு வரை அது தொடரும். நடுவில் அணைந்தும் போகும். முதல் ஒரு நிமிடத்தின் பிழை நீண்ட தூரம் பயணப்படுவது இந்த வழியாகத்தான், எரிபொருளின் நெடி வழியாக அன்று.

ஐயவினா

இதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு அமர்வுகள் போதாது, மைத்துனரின் அட்டையைப் பற்றியும் எனக்குக் கேள்விகள் உண்டு. ஆயினும் கருக்குதல் தெரிகிறது, எரிபொருள் தெரிவதில்லை, கோணல் நீடிக்கிறது என்ற மூன்றும் நம்பத்தக்கவையாகவே உள்ளன. அணைந்துவிட்ட சுருட்டை மறுபடியும் பற்றவைப்பதைப் பற்றி எவரும் எழுதவில்லையே? என் அனுபவத்தில் அதைவிடக் கெட்ட சுவை வேறில்லை.

வேதியியல் வாத்தியார்

அணைந்தவுடன் நின்றுபோன புகை குளிர்ந்து இலைகளின் மேல் படிகிறது. அம்மோனியா நெடியும் தங்கிவிடுகிறது. அதன் வழியாக நீங்கள் உறிஞ்சினால் அவ்வளவும் வாய்க்குத்தான் வரும். ஆகவே முதலில் சாம்பலைத் தட்டிவிட்டு, உறிஞ்சாமல், சுருட்டின் வழியே மெல்ல வெளிப்புறமாக ஊதுங்கள். ஊதிக்கொண்டே அடியில் அனல் காட்டினால் தேங்கிய ஆவி நீல நெருப்பாகச் சட்டென்று பற்றி எரிந்து போவதைக்கூடச் சில வேளை காணலாம். அதற்குப் பிறகு புதிய சுருட்டைப் போலவே வாட்டிப் பற்றவையுங்கள். அரை மணிக்குள் செய்தால் பெரும்பாலும் தேறிவிடும். மறுநாள் காலையில் எடுத்துப் பற்றவைப்பவருக்கு என்னிடம் மருந்து இல்லை.

வடமராட்சி வாசி

அப்பு அணைந்த குறையைக் காதில் செருகிவைத்து மறுநாள் காலையில்தான் பற்றவைப்பார். அதுதான் ருசி என்பார். நான் இதை எழுதியதாக வாத்தியார் ஐயா பதிவு செய்துகொள்ள வேண்டாம்.

காவிரிக்கரையான்

வடமராட்சி அண்ணனின் அப்புவும் என் தாத்தாவும் சந்தித்திருக்க வேண்டியவர்கள். பெட்டியில் மூன்று மீதம் இருந்தன. சோதனைக்குக் கூலி என்று ஒன்றை மைத்துனர் எடுத்துக்கொண்டார், புகைப்பதற்கு அல்ல, மேசைமேல் வைத்துக்கொள்வதற்காம். இரண்டை நண்பர் பொங்கலுக்கு வரும்போது பற்றவைக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை நானும் ஒரு நிமிடம் அப்பம் சுடுவேன். மரத்தாளைக் கீற்றாகக் கிழித்தும் வைத்துவிட்டேன். வித்தியாசம் தெரியாது என்று எனக்கே தெரியும், இருந்தாலும் அந்த நெருப்பைப் பார்க்க நன்றாக இருக்கிறது.